வீணைப் பதிவில் இரைச்சல்: எந்த கண்டென்சர் மைக் வாங்கலாம்?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீணை டீச்சர் மாணவர்களுக்காக வர்ணங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறார். அவர் வீட்டில்தான் பதிவு, மின்விசிறியை நிறுத்திவிடுவோம். இருப்பது சிறிய டயாஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய தகடு) கொண்ட கண்டென்சர் மைக். அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் (ஃபாண்டம் பவர்) சரியாக வருகிறது. ஆனால் நாதம் அடங்கும் இடங்களில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மேலே வந்துவிடுகிறது. மைக்கை வீணையின் குடத்தருகே கொண்டுபோய்க் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தால் இரைச்சல் தணிகிறது. மந்தர (கீழ் ஸ்தாயி) ஸ்வரங்களோ ‘கும்’மென்று அடைக்கின்றன. மைக்கை மாற்ற வேண்டுமா?

பதில்:
முதலில் ஒரு சோதனை. கெயினைத் தொடாமல், துணி நிறைந்த பீரோவுக்குள் மைக்கை வைத்து மூடிப் பதிவு செய்யுங்கள். இரைச்சல் குறைந்தால் அறைதான் காரணம். ‘கும்’ ஒலிக்கு வீணையைக் குறை சொல்லாதீர்கள். கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியையே அதிகம் எடுப்பது) பெரும்பாலும் நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலியைப் பெருக்கும்.

கேட்டவர்:
பீரோவுக்குள்ளும் அதே இரைச்சல்தான் ஐயா.

பதில்:
அப்படியானால் பெரும்பாலும் மைக்தான். அடுத்தது வாங்கும்போது ‘செல்ஃப் நாய்ஸ்’ (மைக் தானே எழுப்பும் இரைச்சல்) அளவை முதலில் பாருங்கள், குறைவாக இருந்தால் நல்லது. ஷூர் எஸ்எம்81, ரோட் என்டி5 போன்ற நல்ல சிறிய டயாஃப்ரம் மைக்குகளிலேயே அது 16 டெசிபல். பெரிய டயாஃப்ரம் கொண்ட ரோட் என்டி1-ஏயில் 5 டெசிபல்தான். மிருதங்கத்துக்கு இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல. வீணை மெல்லிய வாத்தியம். அங்கே இதுதான் எல்லாம்.

இன்னொரு பதில்:
நான் வீணை வாசிப்பவள். மேலே சொன்னது சரி, ஆனால் என்டி1-ஏ உச்ச ஒலிகளைச் சற்றுத் தூக்கியே தரும். இடது கை தந்தியில் வழுக்கும் ‘சரக்’ சத்தம் நன்றாகவே விழும். மைக்கை, விரல் வைக்கும் மெட்டுகளின் பக்கம் திருப்பாதீர்கள். குடத்துக்கு முன்னால் ஒன்றரை, இரண்டு அடி தள்ளி வையுங்கள். குதிரைக்கு (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்) நேராகவும் வேண்டாம். நகம் படும் ஓசை நாதத்தை முந்திக்கொண்டு வரும். வழக்கப்படி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடவும் வேண்டாம். மூன்று கட்டை சுருதியில், வீணையின் மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரப் பஞ்சமம் ஏறக்குறைய 62 ஹெர்ட்ஸ். அதை வெட்டினால் வீணையின் அடிவயிறே போய்விடும்.

கேட்டவர்:
நண்பரிடம் என்டி1-ஏ இரவல் வாங்கி, நீங்கள் சொன்ன தூரத்தில் வைத்தோம் அம்மா. ‘ஸ்ஸ்’ போய்விட்டது, அனுமந்தரம் தெளிவாக நிற்கிறது. இப்போது சமையலறை ஃபிரிட்ஜின் உறுமல் கேட்கிறது!

பதில்:
அது எப்போதும் இருந்ததுதான். இரைச்சலுக்கு அடியில் மறைந்திருந்தது. பதிவு முடியும்வரை அணைத்துவிடுங்கள். வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது மறுபடி போட மறக்காது.