தனி வீட்டை 4 போர்ஷனாகப் பிரித்திருக்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி:
கீழே 2, மேலே 2 என்று போர்ஷன் போட்ட பழைய வீடு. நாலிலும் ஆள் இருக்கிறார்கள். போட்ட பணத்துக்கு வருஷம் 9% வாடகை வரும் என்கிறார் விற்பவர். மேல் பாத்ரூமுக்கு நேர் கீழே சீலிங்கில் ஈரக்கறை, புது பெயின்ட்டையும் மீறித் தெரிகிறது. கரன்ட் மீட்டர் ஒன்றுதான். எதை முதலில் பார்ப்பது?

பதில் 1:
அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். அதில் ஒரே குடியிருப்பு என்றிருந்தால் மற்ற மூன்று வாடகையும் எந்நேரமும் நிற்கலாம். அது தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விலையை 100 என்று வைத்தால் வாடகை 9. வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 0.75 போய்விடும். வரி, காப்பீடு, தண்ணீர், பராமரிப்புக்கு வாடகையில் 30% என்றால் 2.7. மிச்சம் 5.55. வாங்கியதும் ரிப்பேருக்கு 12 இறங்கினால் முதலீடு 112. வருமானம் 5%-ஐக்கூடத் தொடாது. ஒரு போர்ஷனை மூட நேர்ந்தால் சுமார் 3.1%தான், ஏனென்றால் செலவு குறையாது. கடன் வட்டியை இதோடு ஒப்பிடுங்கள்.

பதில் 2:
கறைக்கு ஒரு சோதனை. பாத்ரூம் வடிகாலை அடைத்து 25 மி.மீ. தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள், அதுவரை அங்கே குழாய் திறக்கக் கூடாது. கறை பரவினால் தரையின் நீர்க்காப்பு போய்விட்டது, டைல்ஸை உடைத்தே ஆகவேண்டும். பரவாமல், குளிக்கும்போது மட்டும் சொட்டினால் கழிவுக் குழாய் இணைப்பைச் சந்தேகப்படுங்கள்.

மேல் டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யும்போது கீழ்த் தரை வடிகாலில் 'களக்' என்று சத்தம் வந்தால் காற்றுக் குழாய் விடாமல் இருக்கலாம். பிறகு துர்நாற்றம்தான்.

மீட்டர் விஷயம்: 2 கிலோவாட் கீசர் நாலும் ஒன்றாக ஓடினால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 35 ஆம்பியர். மெயின் கேபிள் தாங்குமா? எம்சிபிக்களை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக அணைத்து எந்தப் போர்ஷனில் விளக்கு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மேலே பிரிக்கப் போட்ட 4½ இன்ச் செங்கல் சுவருக்குக் கீழே சுவரோ பீமோ இல்லை. பரவாயில்லையா?

பதில் 1:
சாதாரணமாக விடாதீர்கள். 9 அடி உயரத்தில் அந்தச் சுவர் பூச்சோடு ஒரு மீட்டர் நீளத்துக்கு 600–700 கிலோ. ஸ்லாப் அதற்காகப் போட்டதா என்பதுதான் கேள்வி. கீழ் சீலிங்கில் சுவர்க்கோட்டை ஒட்டி நீள விரிசல் இருக்கிறதா, மேலே அந்தச் சுவரில் உள்ள கதவு இறுகுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும், கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ அறிக்கை வந்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள்.