நீர்ச்சறுக்குக்கான பழைய மரப்படகு: திறந்துவிட்ட பலகை இடுக்குகளை எபாக்சியால் அடைக்கலாமா?

கேள்வி – சத்துவாச்சாரி, வேலூர்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா நீர்ச்சறுக்கு விளையாட்டுக்காகச் சென்னையில் வைத்திருந்த மரப்படகு, அவர் காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நீளம் 17 அடி. நடுவில் 6 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும், அதன் பெட்டியை ஒட்டி இழுவைக் கயிறு கட்டும் கம்பமும் உள்ளன. பக்கங்கள் ஒற்றைப் பலகை. அடிப்பகுதி இரட்டைப் பலகை, இரண்டுக்கும் நடுவே துணி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வேலூர்க் கோடை முழுவதும் கிடந்ததில் பலகைகள் சுருங்கி, சில இடுக்குகளில் ஒரு ரூபாய் நாணயமே நுழைகிறது. இடுக்குகளில் எபாக்சிப் பசை நிரப்பி, வெளியே ஃபைபர் போர்த்திவிட்டால் போதும் என்று இங்குள்ள பட்டறையில் சொல்கிறார்கள். இதைச் செய்யலாமா? முட்டுக்காடு உப்பங்கழியில் அவர் ஓட்டிய படகு மறுபடி ஓட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தார் அனைவரின் விருப்பம்.

பதில் – படகுத் தச்சர், கடலூர்

தம்பி, எபாக்சியைத் தயவுசெய்து இப்போது தொடாதீர்கள். அது இறுகினால் கல். இன்று சுருங்கிக் கிடக்கும் பலகை தண்ணீரில் இறங்கியதும் அகலவாட்டில் ஊதும்; ஊதுவதற்கு இடம் இல்லாவிட்டால் திருகாணியைப் பிடுங்கும், இல்லையேல் வங்குக்காலை, அதாவது உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டத்தை, முறிக்கும். ஃபைபர் போர்த்துவது அதைவிடக் கெடுதல். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் நெடுநாள் ஒட்டியிருக்காது. மரம் அசைய அசைய உரிந்து, இடையில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பலகையை உள்ளிருந்தே மக்க வைக்கும்.

கடல் தோணிக்கு நாங்கள் கலப்பத்து அடிப்போம், அதாவது இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்து ஏற்றி அடைப்போம். உங்கள் படகுக்கு அதையும் செய்யக்கூடாது. பக்கப் பலகைகளின் இடுக்குகளுக்குப் பின்னால் நெடுக ஒரு பட்டைச் சட்டம் ஓடுகிறதா என்று உள்ளே பாருங்கள். அந்தக் கட்டுமானத்தில் பஞ்சை அடித்து ஏற்றினால் பலகை சட்டத்தை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

முதலில் ஈரம் காட்டுங்கள். கோணிச் சாக்குகளை நனைத்து உள்ளே பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வாருங்கள். படகை வண்டிமேல் வைத்துக்கொண்டு குழாயைத் திருப்பித் தொட்டிபோல நிரப்பிவிடாதீர்கள். 1,000 லிட்டர் என்றால் 1 டன், அந்தப் பாரம் வெளியிலிருந்து தாங்க ஆளில்லாத அடிப்பலகையைப் பிதுக்கும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அதன் பிறகும் மூடாத இடுக்கே உண்மையான பழுது.

தண்ணீர் தெளிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குத்தூசியால் ஏரா (படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக் கட்டை), குறுக்குச் சட்டங்கள், பின்பலகையின் மூலைகள் எல்லாவற்றையும் குத்திப் பார்த்து எழுதுங்கள். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் தேங்கிய இடமே முதலில் மக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன பட்டைச் சட்டம் இருக்கிறது. ஏராவில் குத்தூசி நுனிகூட இறங்கவில்லை. பின்பலகையின் வலது கீழ்மூலையில் பிடிவரை இறங்கியது. வெளியே எடுத்தபோது மூக்குப்பொடி போன்ற பழுப்புத் தூள் உதிர்ந்தது. இழுவைக் கம்பத்தின் அடியில் நெடுக ஓடும் இரண்டு சட்டங்களில் ஒன்றும், ஒரு கை அகலத்துக்கு மெதுமெதுவென்று இருக்கிறது. அடியிலிருந்து கழற்றிய பித்தளைத் திருகாணியின் தலை இளஞ்சிவப்பாக மாறி, இடுக்கியால் பிடித்ததுமே முறிந்தது.

பதில் – பழைய படகுகளை மீட்டெடுப்பவர், சென்னை

நீங்கள் கடைசியாகச் சொன்ன திருகாணிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பித்தளையிலுள்ள துத்தநாகத்தை உப்புநீர் கரைத்துவிடும். எஞ்சும் செம்பு பஞ்சுபோல் வலுவற்றது, அந்த இளஞ்சிவப்பு அதன் அடையாளம். ஒன்று அப்படியென்றால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஐயத்துடனேயே பார்க்க வேண்டும். மாற்றும்போது சிலிக்கான் வெண்கலத் திருகாணி வாங்குங்கள். வேலூர் ஹார்டுவேர் கடைகளில் பித்தளை எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதையே மறுபடி போடாதீர்கள்.

அடிப்பகுதி பற்றிக் கடலூர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மிச்சிகனில் கிறிஸ் கிராஃப்ட் நிறுவனம் கட்டிய மகாகனிப் படகுகளிலும் இதே இரட்டைப் பலகை அமைப்பு உண்டு. நடுவிலுள்ள துணி இற்றுப்போயிருந்தால் எவ்வளவு ஊற வைத்தாலும் கசிவு நிற்காது. வெளியடுக்கைக் கழற்றத்தான் வேண்டும். அங்கே இப்போது பலர் துணிக்குப் பதிலாக, இறுகிய பிறகும் நெகிழும் 3எம் 5200 போன்ற பாலியூரித்தேன் பசையை இரு அடுக்குகளுக்கு நடுவே பூசுகிறார்கள். அப்படிச் செய்த அடிப்பகுதி ஊறி மூட வேண்டிய தேவையே இல்லாமல் தண்ணீரைத் தடுக்கும். உங்கள் திருகாணிகள் இருக்கும் நிலையில் எப்படியும் அந்த அடுக்கு கழலும். எனவே இதையே பரிந்துரைக்கிறேன். உள்ளடுக்குக்கு ஒட்டுப்பலகை வைப்பதாக இருந்தால் ஐ.எஸ். 710 (கடல்சார் ஒட்டுப்பலகைக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

நீர்ச்சறுக்குப் படகு என்பதால் இன்னும் இரண்டு சோதனைகள் கட்டாயம். சறுக்குபவர் தண்ணீரிலிருந்து எழும்போது இழுப்பு முழுவதும் அந்தக் கம்பத்தின் அடியில் விழுகிறது. மெதுத்துப்போன சட்டத்தில் எபாக்சியை ஊற்றிக் கெட்டிப்படுத்தினால் போதும் என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, 1 அங்குலக் கனத்துக்குக் குறைந்தது 8 அங்குலச் சரிவு வைத்துப் புது மரம் சேர்க்க வேண்டும். எபாக்சிக்கு உரிய இடம் அந்த இணைப்புதான். தேக்காக இருந்தால் ஒட்டுமுன் அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப்பசையை நீக்குங்கள்.

அடுத்து, நேரான மட்டப்பலகை ஒன்றை அடிப்பகுதியின் கடைசி 5 அடியில் முன்பின்னாக வைத்துப் பாருங்கள். பின்முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் வேகத்தில் படகு முன்பக்கம் அழுந்தி ஓடும். மேல்நோக்கி வளைந்திருந்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, எழுந்தெழுந்து விழும். வெளியடுக்கைக் கழற்றுவதற்கு முன் ஏராவுக்கு வரிசையாகக் கட்டைகள் முட்டுக்கொடுத்து, நூல் பிடித்து நேராக்கிவிடுங்கள். பலகைகள் கழன்றபின் உருவம் கோணினால் திருத்துவது மிகக் கடினம்.

பதில் – எஞ்சின் மெக்கானிக், இராணிப்பேட்டை

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் விட்டு ஊற வைத்தபின் கையால் சுற்றிப் பாருங்கள், பேட்டரியை இணைத்து ஸ்டார்ட்டரால் அடிக்காதீர்கள். எஞ்சினையும் சுழல்தண்டையும் நேர்படுத்தும் இறுதி வேலையைத் தரையில் முடிக்கக்கூடாது. படகு தண்ணீரில் மிதந்து உடல் அமர்ந்த பிறகே, இணைப்புத் தட்டுகளுக்கு இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.003 அங்குல வித்தியாசத்துக்குள் கொண்டுவர வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். ஒவ்வொரு முறையும் காற்றூதியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

கேள்வி கேட்டவர்

உங்கள் மூவரின் விளக்கமும் தெளிவாக இருக்கிறது. பட்டறைக்கு ஃபைபர் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். முட்டுக்கொடுத்து நூல் பிடிப்பதில் தொடங்கி, அதன்பின் அடிப்பகுதியைக் கழற்றுகிறோம். பக்கங்களுக்கு மட்டும் சாக்கு நனைத்துக் கட்டுகிறோம். வளைந்த குறுக்குச் சட்டங்கள் இரண்டு விரிசல் விட்டிருக்கின்றன. அமெரிக்கப் படகுகளில் வரும் வெள்ளை ஓக் இங்கே கிடைக்கவில்லை. என்ன மரம் போடலாம் ஐயா?

பதில் – படகுத் தச்சர், கடலூர்

ஓக் தேடி அலைய வேண்டாம். உங்கள் பக்கத்து ஏரிகளில் நிற்கும் நாட்டுக் கருவேலம் போதும். வண்டிச் சக்கரத்துக்கு உழைத்த மரம் அது. சீமைக்கருவேலத்தைச் சொல்லவில்லை. பழைய சட்டத்தின் வளைவை அட்டையில் வரைந்து மரக்கடைக்கு எடுத்துச் சென்று, இயற்கையாகவே அந்த வளைவில் வளர்ந்த கிளையைத் தேர்ந்தெடுங்கள். நேர்மரத்தில் வளைவாக அறுத்தால் இழை குறுக்கே அறுபட்டு அதே இடத்தில் மீண்டும் விரியும். அப்படிக் கிளை அமையாவிட்டால் தேக்கை மெல்லிய பட்டைகளாக இழைத்து, அச்சில் வளைத்து ஒட்டிக்கொள்ளலாம். பழைய சட்டங்களைத் தூக்கிப் போடாமல் திருகாணித் துளைகளைப் புதியவற்றில் குறிக்கும்வரை வைத்திருங்கள்.