மறு: ரிஜெக்ட் வாட்டர் என்பதற்குத் தமிழ் – செறிநீர் வேண்டாம், கழுவுநீர் என்போமா?

வணக்கம்.

தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கிற ஆர்ஓ (ரிவர்ஸ் ஒஸ்மோசிஸ்) மெஷினிலிருந்து வெளியே போகும் ரிஜெக்ட் தண்ணீருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் 'செறிநீர்' என்று சேர் சொன்னதில் பிழை இல்லை, உப்பு செறிந்துதானே அது வருகிறது. ஆனால் பதுளையில் இருந்துகொண்டு இந்த மெஷின்களை மாட்டித் திரிகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சங்கடம். போன மாதம் ஒரு வீட்டில் பரீட்சித்துப் பார்ப்போமே என்று அந்தச் சொல்லையே துண்டுத் தாளில் எழுதி வெளியே போகிற குழாயில் ஒட்டினேன். அந்த வீட்டு அம்மாவிடம் கண்ணாடி இல்லை. என்ன தம்பி எழுதியிருக்கு என்றார், செறிநீர் என்றேன். "சரி நீரா? அப்ப இதைத்தானே குடிக்கணும்" என்று கிளாஸைக் கொண்டுபோய்ப் பிடித்துவிட்டார். காதில் விழும்போது கவிழ்கிற சொல் புத்தகத்தில் நன்றாக இருந்து என்ன?

இந்தத் துறையில் நமக்கு இது புதிதில்லை. ஒஸ்மோசிஸுக்கு இங்கே இலங்கைப் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரசாரணம், இந்தியாவில் சவ்வூடு பரவல். ஆர்ஓவை நேர்மாறு பிரசாரணம் என்று ஒரு தடவை விளக்கப் போய், தேர்தல் பிரசாரம் ஏதோ என்று நினைத்துக்கொண்டார்கள். அதைவிட ஆர்ஓ என்றே சொல்லிவிடலாம், அதில் யாருக்கும் நட்டமில்லை. ரிஜெக்ட் அப்படி இல்லை. அந்தப் பெயரால் மெஷினே பழுதாகிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கிராந்துருகோட்டைப் பக்கம் ஒரு வீடு. (நம் பதுளை மாவட்டம்தான், ஆனால் மலை இறங்கியாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கடினம், சிறுநீரக நோய்க்குப் பயந்து ஆர்ஓ வைக்கிறார்கள். மேலே பீலித் தண்ணீர் (மலை ஊற்றுத் தண்ணீர்) குடிக்கிற நமக்கு உப்பை எடுக்க மெஷின் தேவையே இல்லை, கிருமிக்குக் கொதிக்க வைத்தால் போதும். அதை நான் சொன்னால் யாவாரம் படுத்துவிடும்.) எட்டு மாதம்கூட ஆகாத மெஷின், தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது, ருசியும் மாறிவிட்டது. மீட்டரை விட்டுப் பார்த்தேன்: கிணற்றில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு, லீட்டருக்கு மில்லிகிராமில்) 620, குடிக்கிற குழாயில் 210. ஒழுங்காக வேலை செய்தால் 30 அளவில் நிற்க வேண்டும். கார்பன் ஃபில்டரைப் பார்த்தேன், பம்பைப் பார்த்தேன், ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. கடைசியில் சிங்குக்குக் கீழே குனிந்தால், வெளியே போகிற குழாயை இரண்டாக மடித்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே முன்பு மாட்டியவர் ஒட்டிய ஸ்டிக்கர்: கழிவுநீர். ஐயாவிடம் கேட்டேன். "வேஸ்டா போற தண்ணியை ஏன் விடணும், அதான் அடைச்சிட்டேன்" என்றார். கோடையில் கிணறு வற்றுகிற ஊர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெம்பிரேனை (உப்பைத் தடுக்கிற மென்சவ்வுச் சுருளை) குறட்டால் பிடித்து இழுத்தெடுத்தால் கனக்கிறது. முகப்பில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டேன், பொசுபொசுவென்று நுரைத்தது. அவ்வளவுதான், அது முடிந்த கதை.

எல்லாரும் மெம்பிரேனைத் தேத்தண்ணி வடி மாதிரி நினைக்கிறார்கள். வடியில் ஊற்றினது எல்லாம் கீழே இறங்கும், சக்கை மேலே தங்கும், தட்டிவிட்டால் முடிந்தது. மெம்பிரேனில் தங்குகிற உப்பைத் தட்டிவிட ஆள் இல்லை. உள்ளே வருகிற தண்ணீரில் ஒரு பங்கு மென்சவ்வைத் தாண்டிக் குடிநீராகிறது, மிச்சம் சவ்வின் முகத்தை உரசிக்கொண்டே ஓடி உப்பை வழித்துக்கொண்டு போகிறது. அதை அடைத்தால் உப்பு அங்கேயே படிந்து இறுகும். அப்படியென்றால் அது செய்கிற வேலை கழுவுகிற வேலை. கழிவு இல்லை, கழுவு. அதனால் கழுவுநீர். அரிசி கழுவின தண்ணீரை எந்த வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவதில்லை, மாட்டுக்காவது வைப்போம். அந்த நினைப்பும் சொல்லோடு சேர்ந்து வருகிறது.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. புது மெம்பிரேன் போட்டபிறகு கோப்பை வைத்து அளந்தேன், நிமிடத்துக்கு நல்ல தண்ணீர் 140 மில்லி, கழுவுநீர் 420 மில்லி. டிடிஎஸ் நல்ல தண்ணீரில் 30, கழுவுநீரில் 810. அதாவது கிணற்றுத் தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்குதான் உப்புக் கூட. குடிக்கக் கூடாது, ஆனால் தரை கழுவ, கக்கூஸுக்கு ஊற்ற என்ன குறை? குழாயை ஒரு பீப்பாய்க்குள் திருப்பிவிட்டு வந்தேன்.

மெம்பிரேன் மாட்டுவதைப் பற்றிப் போன மடலில் கேட்ட தம்பிக்கு: இரண்டு சின்ன ஓ ரிங் (ரப்பர் வளையம்) இருக்கிற முனைதான் முதலில் உள்ளே போக வேண்டும், பெரிய கறுப்பு ரப்பர் விளிம்பு மூடிப் பக்கம். ரப்பரைத் தண்ணீரில் நனைத்தால் போதும், கிரீஸ் பூசாதீர்கள். கடைசியில் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். நான் ஒருமுறை ஓ ரிங் மடிந்ததைக் கவனிக்காமல் மூடி, 620 உள்ளே போய் 400 வெளியே வர, மெம்பிரேன் விற்ற கடைக்காரனோடு சண்டைக்குப் போய் அசடு வழிந்திருக்கிறேன். முதலில் நிறைகிற இரண்டு டேங்க் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், உள்ளே பதப்படுத்தும் மருந்து இருக்கும். குளிரான நுவரெலியாவில் மாட்டினால் தண்ணீர் குறைவாகத்தான் வரும், பழுதென்று பயப்படாதீர்கள். மெம்பிரேன் இவ்வளவு தண்ணீர் தரும் என்கிற அளவெல்லாம் 25 பாகை வெப்பத்துக்குச் சொன்னது, ஒரு பாகை இறங்கினால் சுமார் 3 சதவீதம் குறையும், 15 பாகைத் தண்ணீரில் முக்கால்கூட வராது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஒருவர் 'ஒதுக்குநீர்' என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒதுக்கினதையும் அடைத்து வைக்கலாம், கழுவுகிறதை அடைத்தால் அழுக்கு நிற்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் செறிநீர் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. குழாயில் ஒட்டுவதற்குக் கழுவுநீர்.

இதில் ஒரு கோளாறு இருப்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். கழிவுநீருக்கும் கழுவுநீருக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 50 ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தேன், கடைப் பையன் நான் பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்து, திருத்தி, ஐம்பதிலும் 'கழிவுநீர்' என்றே அடித்து வைத்திருந்தான். 'ழு'வை மட்டும் சிவப்பில் பெரிதாகப் போட்டுத் திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.