டி ஆன்சாவிலிருந்து பெர்க்லிக்கு: மாறிப் போனவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் குப்பர்ட்டினோவில் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறக்கூடிய கல்லூரி) இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொருளாதாரம் படிக்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) பெர்க்லி வளாகத்துக்கு மாற வேண்டும் என்பது அவள் ஆசை. அதன் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கிறாள்.

பாடங்கள் பற்றிக் கவலையில்லை. எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் தளத்தில் பார்த்துத்தான் எடுக்கிறாள். ஸ்பிரிங் பருவம் முடிவதற்குள், மாறுவதற்குத் தேவையான 90 குவார்ட்டர் யூனிட்டும் (பாட அளவு) தேறிவிடும். சேர்க்கைக்கு உறுதி தரும் ‘டேக்’ ஏற்பாடு பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் கிடையாது என்பதால் இன்னொரு யூசி வளாகமான டேவிஸுக்கு அதைப் போட்டு வைத்திருக்கிறாள்.

தடுமாற்றம் விண்ணப்பக் கட்டுரைகளில்தான். நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் பதில். எடுக்கப்போகும் துறைக்கு எப்படித் தயாரானாய் என்ற கேள்வி கட்டாயம். மாலையில் மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். அதனால் ஒரு குவார்ட்டரில் பாடங்களைக் குறைத்துக்கொண்டாள். இதைக் கட்டுரையில் எழுதலாமா, கூடுதல் விவரப் பகுதியில் சொன்னால் போதுமா? என்னைக் கேட்டால், அந்த உழைப்பு கட்டுரையிலேயே வர வேண்டும். அவளுக்குத் தயக்கம்.

அப்புறம், குறுகிய பருவங்களான குவார்ட்டரிலிருந்து பெர்க்லியின் நீண்ட செமஸ்டர் முறைக்குப் போனவர்களுக்கு முதல் பருவம் எப்படி இருந்தது? விண்ணப்பத்தை நவம்பர் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். பொருளாதாரத்துக்கே மாறிய பிள்ளைகள் யாராவது அவளோடு அரை மணி நேரம் பேசினால் பெரிய உதவி. தனிச்செய்தி அனுப்பினாலும் சரி. நன்றி.