‘ஆசிட் ராப்’ மிக்ஸ்டேப்: நான்காவது பாடல் ஏன் அரை நிமிடமாகச் சுருங்கிற்று?

கேள்வி

வணக்கம். சிகாகோவைச் சேர்ந்த சான்ஸ் தி ராப்பரின் ‘ஆசிட் ராப்’ மிக்ஸ்டேப் (ராப்பர்கள் பெரும்பாலும் இலவசமாக வெளியிடும் பாடல் தொகுப்பு) 2013 ஏப்ரல் கடைசி நாளில் வெளியானபோது, அதை இலவசமாகத் தரவிறக்கிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது அவருக்கு இருபது வயதுதான். எந்த இசை நிறுவனத்துடனும் ஒப்பந்தம் இல்லை. கோப்புகள் இருந்த பழைய மடிக்கணினி பழுதாகிவிட்டதால், 2019 ஜூனில் அது ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்ததும் மறுபடி கேட்க உட்கார்ந்தேன். நான்காவது பாடலான ‘ஜூஸ்’ வர வேண்டிய இடத்தில் பாட்டே இல்லை. சாம்பிளுக்கு (வேறொருவர் ஒலிப்பதிவிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய பகுதிக்கு) அனுமதி கிடைக்கவில்லை என்றும், இந்தத் துண்டுக்கு வரும் வருமானம் சோஷியல்வொர்க்ஸ் என்ற தம் அறக்கட்டளைக்குப் போகும் என்றும் அவர் அரை நிமிடம் பேசி முடித்துவிட்டார். ஆறு ஆண்டுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடந்த பாடலுக்குத் திடீரென்று அனுமதி தேவைப்பட்டது எப்படி? இலவசமாகக் கொடுத்தால் சட்டம் கண்டுகொள்ளாதா?

மறுமொழி 1

அனுமதி திடீரென்று தேவைப்படவில்லை, நண்பரே. முதல் நாளிலிருந்தே தேவைப்பட்டது. ‘ஜூஸ்’ பாடலின் அடியில் ஓடுவது அமெரிக்கப் பாடகர் டானி ஹாத்தவே மேடையில் பாடிய ஒலிப்பதிவு. அவர் பாடியதோ ஜான் லெனன் எழுதிய ‘ஜெலஸ் கை’. ஆகவே ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமையாளர், மெட்டுக்கும் வரிகளுக்கும் இன்னோர் உரிமையாளர் என்று இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். ஒன்று திறந்து மற்றொன்று திறக்காவிட்டாலும் பாடல் வெளியே வர முடியாது. காசு வாங்காமல் கொடுத்தவரை உரிமையாளர்கள் பெரும்பாலும் துரத்துவதில்லை என்பதால்தான் மிக்ஸ்டேப் உலகம் இத்தனை காலம் ஓடியது. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் காசு பிறக்கிறது. தேவையான உரிமை எல்லாம் என்னிடம் உள்ளது என்று உறுதி கூறாமல் பாடலை அங்கே ஏற்ற முடியாது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை அடிக்கோடிட விரும்புகிறேன். ராப்பர் மாக் மில்லர் வளர்ந்துவந்த காலத்தில், 2010இல், இலவசமாக வெளியிட்ட மிக்ஸ்டேப் ஒன்றில் ராப் இசைத் தயாரிப்பாளர் லார்ட் ஃபினெஸின் பழைய பீட்டின் (பின்னணி இசையின்) மேல் ராப் செய்திருந்தார். லார்ட் ஃபினெஸ் 2012இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். மிக்ஸ்டேப்பைத் தரவிறக்கத் தந்த டாட்பிஃப் தளத்தையும் விட்டுவைக்கவில்லை. அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன்பே, 2007 ஜனவரியில், அட்லாண்டாவில் மிக்ஸ்டேப்புகளைத் தொகுத்து வெளியிட்டுவந்த டிஜே டிராமாவின் அலுவலகத்துக்குள் காவல்துறை புகுந்து பல்லாயிரம் குறுந்தகடுகளை அள்ளிச் சென்றது. அந்த மிக்ஸ்டேப்புகளால் தங்கள் ராப்பர்களுக்குக் கிடைத்த விளம்பரத்தை இசை நிறுவனங்கள் அனுபவித்துக்கொண்டிருந்தபோதே, அவற்றின் சங்கம் இந்தச் சோதனைக்குத் துணை நின்றது என்பது எனக்கு இன்றும் கசப்பான வேடிக்கையாகத்தான் படுகிறது.

இன்னொன்று: ‘ஆசிட் ராப்’ இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த நாளிலேயே, சான்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ அதை ஐடியூன்ஸிலும் அமேசானிலும் விற்று, அந்த விற்பனையால் அது பில்போர்டு பட்டியலிலும் ஏறியது.

மறுமொழி 3

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கேட்பவருக்கு என்ன இழப்பு என்றும் பார்க்க வேண்டும். இந்த மிக்ஸ்டேப்பில் பாடல்களின் வரிசை தற்செயலானதல்ல. இரண்டாம் பாடலான ‘புஷா மேன்’ துள்ளலாகத் தொடங்கி இரண்டு நிமிடங்களில் நின்றுவிடும். அதன் பிறகு சுமார் அரை நிமிடம் ஓசையே இருக்காது. பாட்டு முடிந்துவிட்டதென்று இயர்போனைக் கழற்றப் போகும் நேரத்தில், ‘பாரனோயா’ என்ற, பட்டியலில் பெயர் காட்டாத மறைபாடல் மெல்ல எழும்பி, கோடை வந்தாலே இளைஞர்கள் சாகும் சிகாகோவைப் பற்றிப் பேசும். 2011இல் நண்பன் ஒருவன் கத்திக்குத்துக்குப் பலியானதை நேரில் பார்த்தவர் சான்ஸ் என்பது தெரிந்தால், அந்தக் குரலில் உள்ள அடக்கம் புரியும். அந்த இறுக்கம் தளர்ந்து, ‘ஜூஸ்’ வரும்போதுதான் பையன் மார்பை நிமிர்த்திக்கொண்டு தன் ஊரில் தனக்குக் கிடைத்த பெயரைக் கொண்டாடுவான். 2019இல் முதன்முறையாகக் கேட்டவருக்கோ ஓர் அரை நிமிட மௌனமும் ஓர் அரை நிமிட அறிவிப்பும் கிடைத்தன. இரண்டில் எது ராப்பர் வேண்டுமென்றே வைத்தது என்று அவர் குழம்பியிருந்தாலும் குறை சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ‘ஜூஸ்’ காணொளி யூடியூபில் இருந்ததால் பாடலைக் கேட்டுவிட்டேன். ஆனால் ‘கோகோ பட்டர் கிஸ்ஸஸ்’ முடிந்ததும் கைபேசியை எடுத்து வேறு செயலிக்கு மாறி, பாட்டு முடிந்ததும் திரும்பி வந்து ஐந்தாவதைத் தட்ட வேண்டியிருந்தது. என் பழைய மடிக்கணினியின் வன்தட்டை யாராவது மீட்டுத் தருவார்களா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.