உதவி: டிஸ்க் பிளேயரை ரிசீவருடன் எந்த வயரில் இணைப்பது? பின் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை

ஆயர்_ஈத்தாம்_ரசிகன்
அண்ணன்மார்களே, அவசரம். புது டிஸ்க் பிளேயர் வாங்கியாச்சு, ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ரிசீவர் பழசுதான். படமும் ஒலியும் சேர்ந்து போகும் எச்டிஎம்ஐ, ஒலி மட்டும் போகும் ஆப்டிகல், கோஆக்சியல், எதில் போட்டால் சத்தம் நன்றாக வரும்? இப்போது படம் ஓடுகிறது, ஆனால் பின்னால் உள்ள ஸ்பீக்கர் இரண்டிலும் ஒன்றும் வரவில்லை. தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் வருவார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

செந்தூல்_செவி
தம்பி, பிளேயர் என்ன மாடல்? ரிசீவரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா? போடுவது சிடியா, டிவிடியா, புளூ-ரேயா? இப்போது எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது?

கிள்ளான்_இடிமின்னல்
கண்ணை மூடிக்கொண்டு ஆப்டிகல் போடுங்கள். நம் ஊரில் சாயங்காலம் ஆனால் இடிதான். ஆப்டிகல் வயருக்குள் போவது வெளிச்சம், செம்பு கிடையாது. ஒரு பெட்டியில் மின்னல் பாய்ந்தாலும் அந்த வயர் வழியாக அடுத்த பெட்டிக்குத் தாவாது. போன மழைக்காலத்தில் எங்கள் தாமான் குடியிருப்பில் இடி விழுந்து, எச்டிஎம்ஐயில் கோத்திருந்த எல்லாம் வரிசையாகப் போய்விட்டது. தனியாக ஆப்டிகலில் இருந்த சிடி பிளேயர் இன்றும் பாடுகிறது. எர்த் கோளாறால் வரும் ‘உம்ம்ம்’ இரைச்சலும் ஆப்டிகலில் வராது.

சர்க்யூட்_ஐயா
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது? புதிதாக வருபவர்களுக்குப் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே இல்லை. சரி, கவனமாகப் படியுங்கள்.

ஆப்டிகலும் கோஆக்சியலும் எஸ்/பிடிஐஎஃப் என்ற ஒரே டிஜிட்டல் ஒலி முறையின் இரண்டு வடிவங்கள். அதில் இரண்டு சேனல் பிசிஎம், அதாவது சுருக்காத டிஜிட்டல் ஒலி போகும். சுருக்கிய டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 போகும் (5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும்). அவ்வளவுதான். புளூ-ரேயில் உள்ள, தரம் இழக்காமல் சுருக்கிய டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போகாது. அவை சுருக்கம் பிரிக்கப்படாமல் அப்படியே ரிசீவருக்குப் போக 2006இல் வந்த எச்டிஎம்ஐ 1.3 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பிளேயரே பிரித்துப் பல சேனல் பிசிஎம்மாக அனுப்பினால் அதற்கு முந்தைய எச்டிஎம்ஐயும் தாங்கும். சிடிக்கு இந்தக் கவலையே இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், எந்த டிஜிட்டல் வயரில் போனாலும் அதேதான்.

மின்னலுக்குப் பயந்து 5.1 பிசிஎம்மைக்கூடத் தாங்காத வயரை ஒருவருக்குச் சிபாரிசு செய்வது வைத்தியம் இல்லை. மின்னலுக்கு பிளக்கைப் பிடுங்குங்கள்.

கிள்ளான்_இடிமின்னல்
ஐயா, வேலைக்குப் போன நேரத்தில் இடி விழுந்தால் யார் வந்து பிடுங்குவது?

ஆயர்_ஈத்தாம்_ரசிகன்
சோனி யூபிபி-எக்ஸ்700. ரிசீவர் 7.1, எச்டிஎம்ஐ இருக்கிறது ஆனால் அதன் வழியே 4கே படம் போகாது. அதனால் பிளேயரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல். புளூ-ரேயும் போடுவேன், தமிழ் டிவிடியும் நிறைய இருக்கிறது.

செந்தூல்_செவி
படம் ஓடும்போது ரிசீவர் முகப்பில் என்ன எழுத்து வருகிறது?

பிறை_டிடிஎஸ்_பிரியன்
தமிழ் டிவிடி என்றால் மெனுவில் டிடிஎஸ் டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். டால்பியைவிட எப்போதும் டிடிஎஸ்தான் பலம். ஒரே டிஸ்க்கில் மாற்றி மாற்றிக் கேட்டால் காதே சொல்லும். டிவிடியில் டால்பி அதிகபட்சம் நொடிக்கு 448 கிலோபிட், டிடிஎஸ் 754 அல்லது 1,509.

சர்க்யூட்_ஐயா
எண் சரி, முடிவு தவறு. உங்கள் காது சொல்வது சத்த அளவை. டால்பி டிராக்கில் பேச்சின் சராசரி அளவைக் குறித்து வைப்பார்கள், சுருக்கத்தைப் பிரிக்கும் டிகோடர் அதைப் பார்த்து, பேச்சு -31 அளவுக்கு வரும்படி மொத்தச் சத்தத்தையும் குறைக்கும். -27 என்று குறித்திருந்தால் 4 டெசிபல் குறையும். வால்யூமைச் சமமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

பிறை_டிடிஎஸ்_பிரியன்
சமமாக்கியும் கேட்டிருக்கிறேன் ஐயா. மத்தளம், தவில் அடி விழும் இடத்தில் டிடிஎஸ் தெளிவாக இருக்கிறது. தோலின் அதிர்வு வரைக்கும் கேட்கிறது. இரண்டு டிராக்கும் ஒரே மிக்ஸிலிருந்து வந்தவை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சர்க்யூட்_ஐயா
ஒரே மிக்ஸ் என்று நான் சொல்லவே இல்லை. வேறு மிக்ஸாக இருந்தால் உங்கள் ஒப்பீட்டுக்கே அர்த்தம் கிடையாது.

ஆயர்_ஈத்தாம்_ரசிகன்
பிசிஎம் என்று வருகிறது. எல்லா டிஸ்க்குக்கும்.

செந்தூல்_செவி
அதுதான் விஷயம். உங்கள் பிளேயர் எச்டிஎம்ஐ வழியாக முதலில் டிவியிடம் ‘உனக்கு எந்த ஒலி புரியும்’ என்று கேட்கும். பல டிவிகள் ‘இரண்டு சேனல் பிசிஎம்’ என்றே பதில் சொல்லும். பிளேயரும் 5.1ஐ இரண்டாகச் சுருக்கி அனுப்பிவிடும். அதற்கு மேல் டிவியின் ஆப்டிகலில் என்ன வயர் போட்டாலும் பின் ஸ்பீக்கருக்கு எதுவும் போகாது. ஆகவே டிவியை நடுவில் வைக்காதீர்கள்.

எக்ஸ்700இன் பின்பக்கம் திரும்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ வாய் இரண்டு இருக்கும். படம் உள்ள வாயை டிவிக்கு விடுங்கள், 4கே கெடாது. ஒலிக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் மற்றதை நேராக ரிசீவருக்குக் கொடுங்கள். விலை உயர்ந்த வயர் வேண்டாம், ஜாலான் பாசார் கடைகளில் தொங்கும் சாதாரண எச்டிஎம்ஐ போதும்.

அப்புறம் பிளேயர் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை ஆட்டோவில் வையுங்கள். ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் மெனு ஒலி, கூடுதல் விளக்க ஒலி எல்லாவற்றையும் படத்தின் ஒலியோடு கலந்து அனுப்பும், ட்ரூஎச்டி முழுதாக வராது. ரிசீவர் ரொம்பப் பழசாக இருந்தால் எச்டிஎம்ஐ வாய் படத்தைக் கடத்த மட்டும் இருக்கும், ஒலியை எடுக்காது. அப்படியென்றால் கோஆக்சியல் போடுங்கள், எக்ஸ்700இல் அந்த வாயும் இருக்கிறது. உங்கள் டிவிடிகளின் 5.1 அதிலேயே முழுதாக வரும், புளூ-ரேக்குச் சாதாரண டால்பி, டிடிஎஸ் வரும்.

கிள்ளான்_இடிமின்னல்
எச்டிஎம்ஐ போட்டாலும் ஊருக்குப் போகும்போது கழற்றி வையுங்கள் தம்பி. ஆஸ்ட்ரோ டிஷ் வயரையும் சேர்த்து.

ஆயர்_ஈத்தாம்_ரசிகன்
டிடிஎஸ்-எச்டி எழுத்து வந்துவிட்டது. பின்னால் மழைச் சத்தம் கேட்கிறது. ரொம்ப நன்றி அண்ணே.

செந்தூல்_செவி
சந்தோஷம். டிவி ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேச்சு இரட்டையாகக் கேட்கும். உதட்டசைவுக்குப் பேச்சு முந்தினால் ரிசீவரில் தாமத அமைப்பு இருக்கும், மில்லிசெகண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

பிறை_டிடிஎஸ்_பிரியன்
ஐயா, அந்த 4 டெசிபல் கணக்கை என் ரிசீவரில் எந்த மெனுவில் பார்ப்பது?