அயர்லாந்து மொழிக் கவிதையில் அயல்நாட்டுப் போரும் பஞ்சமும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் நடுநிலை காத்த அயர்லாந்தின் ஐரிஷ் மொழிக் கவிஞர்கள், தொலைதூர நாடுகளின் அழிவைத் தம் மொழியில் எவ்வாறு எழுதினார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க இயலுமா?

மறுமொழி 1: ஓவென் ஓ டூரிஷ்க்கிடமிருந்து தொடங்குங்கள். 1964இல் வெளியான ‘லுக்ஸ் ஏடெர்னா’ தொகுப்பில் உள்ள அவருடைய நெடுங்கவிதை, ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று மாண்டவர்களுக்காகக் கத்தோலிக்கரின் இறந்தோர் திருப்பலியின் வடிவிலேயே அமைந்தது. குண்டு விழுந்த ஊரை நேரில் வருணிப்பதை விட, டப்ளின் நகரின் சாதாரணக் காலைப்பொழுதின் நடுவே அந்தச் சாவுகளை நினைக்க வைப்பதுதான், என் பார்வையில், அதன் வலிமை. அவரே போர்க்காலத்தில் அயர்லாந்துப் படையில் அதிகாரியாக இருந்தவர்.

மறுமொழி 2: பஞ்சத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ‘கோர்த்தா’ என்னும் ஐரிஷ் சொல் பஞ்சம், பட்டினி இரண்டையும் குறிக்கும். 1845இல் தொடங்கி ஏறத்தாழ பத்து இலட்சம் பேரைப் பலிகொண்டு, அம்மொழி பேசிய மேற்குப் பகுதிகளையே மிகக் கடுமையாகத் தாக்கிய பெரும்பஞ்சத்தின் பெயரும் அதுவே என்பதால், வேறொரு நாட்டின் பஞ்சத்தை எழுதும்போதும் அச்சொல் சொந்த மண்ணின் இழப்பைச் சுமந்தே வருகிறது.

கேட்டவர்: நன்றி ஐயா. திருப்பலி வடிவம் நான் எதிர்பாராதது.